இறந்த தேதி கேட்காத அறை

திருகோணமலை பஸ் நிலையத்தில் என்னை முதலில் வரவேற்றது ஒரு புள்ளிமான். பழக்கடை வாசலில் நின்று வாழைப்பழத் தோலை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்காரர் அதன் முதுகுக்கு மேலாகக் கையை நீட்டி ஒருவருக்குச் சில்லறை கொடுத்தார். எங்கள் கோயம்புத்தூரில் இப்படி ஒரு மான் வந்து நின்றால் ஊரே செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கும். நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்த ஆட்டோக்காரர், "அது இஞ்சத்த ஆள்தான். நீங்கள் ஏறுங்கோ" என்றார்.

நான் கட்டடக் கலைஞர். கனடாவில் இருக்கும் அரவிந்தன் என்பவர், நான் கட்டிய ஒரு சிறிய நாடகப் பள்ளியின் படங்களைப் பார்த்துவிட்டு என்னைத் தேடிப் பிடித்திருந்தார். திருகோணமலை உள்துறைமுகக் கரையில் அவர்களுக்கு வீடும் நிலமும் இருக்கின்றன. தாயார் மட்டும் அங்கே வசிக்கிறார். ஓவியர்களும் சிற்பிகளும் சில மாதங்கள் வந்து தங்கி வேலை செய்ய அந்த இடத்தை மாற்றித் தர வேண்டும். கூடவே அப்பாவுக்கு ஒரு நினைவு மண்டபம். அப்பா யோகநாதன் ஓவியர். போர்க் காலத்தில் ஒரு மாலை அவரை யாரோ வந்து கூட்டிப்போனார்கள். அதன் பிறகு அவர் வீடு திரும்பவில்லை. மண்டபத்தில் அவருடைய படமும், பிறந்த தேதியும் இறந்த தேதியும் இருக்க வேண்டும் என்று அரவிந்தன் சொல்லியிருந்தார். அந்த வரைபடங்களைத்தான் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

ஆட்டோ ஒரு மேட்டில் ஏறி இறங்கியபோது துறைமுகம் தெரிந்தது. ஓட்டுநரின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னேன். துறைமுகம் என்றால் எனக்குத் தூத்துக்குடிதான்; நீண்ட தளம், கிரேன்கள், அதற்கப்பால் திறந்த கடல். இங்கே கடல் மலைகளுக்கு நடுவே புகுந்து, வளைந்து, மறைந்து, இன்னொரு மூலையில் மறுபடி எட்டிப் பார்த்தது. அலையே இல்லை. ஏரி என்றுதான் நினைத்தேன். அப்போது மரங்களுக்கு நடுவே ஒரு சாம்பல் நிறச் சுவர் நகர்ந்தது. கப்பல்! கரையோர மரங்களுக்குப் பின்னால், அவற்றை உரசுவதுபோல, சத்தமில்லாமல் ஒரு சரக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது.

"அவ்வளவு கிட்டவா வரும்?"

"ஆழம் எல்லோ அக்கா. கரையிலயே ஆழம்" என்றார் ஓட்டுநர், தானே தோண்டி வைத்தவரைப் போல.

அரவிந்தனின் தாயார் ரோகிணி, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. ஊரில் எல்லோருக்கும் அவர் 'ரீச்சர்'. உயரமானவர், நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். "பயணம் எப்பிடி? முகம் கழுவிப்போட்டு வாங்கோ. சாப்பிட்டுப்போட்டுக் கதைப்பம்" என்றார். எங்கள் ஊரில் கதை என்றால் ஒன்றை இட்டுக்கட்டுவது. இங்கே அது வெறும் பேச்சு. பழகிக்கொள்ள எனக்கு ஒருநாள் பிடித்தது.

சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பாலில் கொதித்த கணவாய்க் கறி, எலுமிச்சம் புளி விட்ட சொதி. சாம்பாரில் வளர்ந்த நாக்குக்கு அந்தச் சொதி ஒரு புதுத் தேசம். மேசையில் எங்களோடு இன்னொருவரும் இருந்தார். பெயர் சமன், குருநாகல் பக்கத்துச் சிற்பி. இடம் தயாராவதற்கு முன்பே 'வந்து தங்கலாமா' என்று கேட்டு வந்த முதல் விருந்தாளி. பின் அறையில் தங்கிக் கல் செதுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் 'நல்லா இருக்கு', போதும் என்பதற்கு இங்கே சொல்லும் 'காணும்' என்ற இரண்டும்தான். ரீச்சர் அவரோடு சிங்களத்தில் பேசினார். சாப்பிட்டு முடிந்ததும் சமன் தன் தட்டையும் என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

"நல்ல சிற்பியோ தெரியாது. நல்ல பிள்ளை" என்றார் ரீச்சர்.

மேசையைத் துடைத்துவிட்டு வரைபடங்களை விரித்தேன். உயரமான மண்டபம். கூரையில் ஒரு நீண்ட பிளவு. அதன் வழியே இறங்கும் வெயில் நாள் முழுக்கச் சுவரில் நகர்ந்து, மாலையில் யோகநாதனின் படத்தின் மீது வந்து விழும். எனக்கே பெருமையான வேலை அது. ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார்.

"சரியான வடிவு" என்றார். இங்கே வடிவு என்றால் அழகு. நான் மகிழ்ந்து முடிப்பதற்குள், "ஆனா பிள்ளை, இது செத்த ஆளுக்கெல்லோ?" என்றார்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இரண்டு பேர் வந்தவை. ஆர் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. 'மாஸ்டரோட ஒரு சின்னக் கதை இருக்கு' எண்டவை. இவர் வீட்டில கட்டிற சாரத்தோட நிண்டவர். 'உடுப்பு மாத்திப்போட்டு வாறன்' எண்டு சொல்ல, 'தேவையில்லை, கெதியா விட்டிடுவம்' எண்டவை. சாரத்தோடயே போனவர். இவர் செத்துப்போனார் எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை. இருக்கிறார் எண்டும் சொல்லமாட்டன். எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்டைக் கல்லில வெட்ட ஏலுமோ?"

"அரவிந்தன் தேதி கேட்டாரே..."

"அவன் கேப்பான். என்ன திகதி போடுவியள்?"

தாள்களைச் சுருட்டி வைத்தேன். முப்பது வருடங்கள் கரும்பலகையில் விடை எழுதியவர், விடை இல்லாத ஒன்றின் முன்னால் இவ்வளவு நேராக உட்கார்ந்திருந்தார். ஊரில் நான் கட்டிய எந்தக் கட்டடத்துக்கும் அவ்வளவு நேரான முதுகு இல்லை.

மறுநாள் நிலத்தை அளந்தேன். அளவு நாடாவின் மறுமுனையைச் சமன் பிடித்துக்கொண்டார். நிலம் வீட்டுப் பின்புறத்திலிருந்து நீர்வரை மெல்லச் சரிகிறது. நடுவே பெரிய பாலை மரம். ஓரத்தில் யோகநாதன் படம் வரைந்த அறை. நினைவிடங்களில் வழக்கமாகச் செய்வதுபோல அதை அப்படியே பூட்டிக் கண்ணாடி போட்டுக் காக்கலாம் என்று எண்ணியிருந்தேன். திறந்து பார்த்தால் உள்ளே தையல் மெஷின், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாடகத் திரைகள், பாதி காய்ந்த வர்ண டப்பாக்கள். அக்கம்பக்கத்தில் யாருக்குப் பெரிய மேசை தேவைப்பட்டாலும் ரீச்சர் சாவியைக் கொடுத்துவிடுவாராம். யோகநாதன் வரைந்த மேசையில் இப்போது ஊர் முழுவதன் வர்ணமும் சிந்தியிருந்தது.

அளக்கும்போது சமன் அடிக்கடி வேலையை மறந்து நீரையே பார்த்தார். காலையில் எழுந்ததும் அவர் கரைக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் நிற்பதை நான் கவனித்திருந்தேன். ரீச்சரும் கவனித்திருப்பார், அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

அடுத்த நாள் அக்கரையில், கிண்ணியாவில் விருந்து. ரீச்சருக்கு நெடுங்காலமாக மீன் கொண்டுவந்து தரும் நஸீர், எங்கள் மூவரையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். அவருடைய மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் ரீச்சர். இப்போது பாலம் இருக்கிறது, பஸ்ஸில் போனால் சீக்கிரம். ஆனால் நீரிலிருந்து பார்த்தால் நிலம் எப்படி இருக்கும் என்று எனக்கு ஆசை. நஸீர் தன் படகையே கொண்டுவந்தார்.

துறைமுகத்தின் நடுவே போனதும் பேச்சு நின்றுபோனது. சுற்றிலும் பச்சை மலைகள்; அடியில் கருநீலம். ஒரு நாட்டின் கப்பல்களையெல்லாம் ஒளித்து வைக்கக்கூடிய இடம், கிணற்று நீர் போல அசையாமல் கிடந்தது. எத்தனை பேர் இதற்கு ஆசைப்பட்டுச் சண்டை போட்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது.

நஸீர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தார். "பயப்பிடாதீங்க தங்கச்சி. இந்தக் கடல் ஆரையும் வெளிய கொண்டு போகாது. மச்சானுக்கு போன் அடிச்சாச் சரி, வந்து கட்டி இழுத்துட்டுப் போவான்." மச்சானுக்கு போன் போட்டார். மச்சான் சந்தையில் இருந்தார். வரக் கொஞ்சம் நேரமாகும்.

அந்த அமைதியில் சமன் பேச ஆரம்பித்தார். ரீச்சரைப் பார்த்து, சிங்களத்தில், தாழ்ந்த குரலில். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. எஞ்சினைக் குடைந்துகொண்டிருந்த நஸீர் மெல்ல என் பக்கம் நகர்ந்து வந்து, காதோடு காதாகச் சொல்லத் தொடங்கினார்.

"இவருக்கு ஒரு தம்பியாம்... நேவியில இரிந்தவராம். சண்டை நேரம் இந்தத் துறைமுகத்தில இரிந்துதான் படகில போனவராம். படகு திரும்பி வரல்லயாம்."

சமன் நிறுத்தினார். ரீச்சரின் முகத்தில் எந்த அசைவும் இல்லை. சமன் மறுபடி தொடங்கினார்.

"வீட்டுக்குப் பெட்டி வந்ததாம். சீல் வெச்ச பெட்டி. தொறக்க வேணாம் எண்டாங்களாம். இவர்தானாம் முன்னால பிடிச்சித் தூக்கின..." நஸீர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். "பெட்டி லேசா இரிந்திச்சாம். தம்பி நல்ல பாரமான ஆளாம். உம்மாக்கிட்ட இன்னும் சொல்லல்லயாம்."

படகு தானாக ஒரு அரைவட்டம் திரும்பியது. சமன் கடைசியாக ஏதோ சொன்னார். நஸீர் மொழிபெயர்க்கத் தயங்கினார். நான் அவரைப் பார்த்தேன்.

"'உங்கட வீட்டில என்ன நடந்த எண்டு எனக்குத் தெரியும் ரீச்சர். இதை முதல்லயே சொல்லியிரிக்க வேணும். உங்களுக்கு விருப்பம் இல்லாட்டி நான் நாளைக்கே போறன்' எண்டு சொல்றார்."

ரீச்சர் கையை நீட்டி நீரைத் தொட்டு, நனைந்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டார். மச்சானின் படகு வரும்வரை நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம்.

விருந்து பிரமாதம் என்று எழுத வேண்டும். உண்மையில் அது பிரமாதம்தான். நண்டுக் கறி, பொரித்த பாரை மீன், சட்டியோடு எருமைத் தயிர், கடைசியில் வட்டிலப்பம். நஸீரின் மனைவி 'சாப்பிடுங்க, சாப்பிடுங்க' என்று என் தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தார். சமன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். ரீச்சர் தயிர்ச் சட்டியை எடுத்து, எதுவும் பேசாமல், அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அன்று முழுக்க அவர் சமனுக்காகச் செய்தது அது ஒன்றுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அரவிந்தனின் அழைப்பு. ரீச்சர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் மகனிடம் சொன்னார். அடுத்த அறையில் இருந்த எனக்கும் அரவிந்தனின் குரல் கேட்டது.

"அம்மா, உங்களுக்கு என்ன நடந்தது? அப்பாவின்ர வீட்டில அந்தாளின்ர தம்பிக்கு அழுகிறதோ?"

"ஆரும் அழேல்லை."

"அந்தாளை அனுப்புங்கோ."

"யோசிக்கிறன்" என்று சொல்லி ரீச்சர் போனை வைத்தார்.

மறுநாள் காலை அவர் யோகநாதனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சமன் பெட்டியைக் கட்டித் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. ஒரு ஆட்டோ பிடித்துக் கோட்டைக்குள் புகுந்து, கோயில் இருக்கும் மலைமுனைக்குப் போனேன்.

அங்கே பாறை சட்டென்று முடிந்துவிடுகிறது. கைப்பிடியைப் பிடித்துக் கீழே பார்த்தால் கடல், மேலே பார்த்தால் வானம், இடையில் காற்று மட்டும். உள்துறைமுகத்தின் அடக்கத்துக்கும் இதற்கும் உறவே இல்லை. தண்ணீர் பாறையின் அடியில் மோதி எழும் சத்தம் காலில் அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி தன் கணவனிடம், "பாக்க ஏலாது, தலை சுத்துது" என்றாள். ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றாள். நானும்தான். கூரைப் பிளவு வழியாக வெளிச்சத்தை இறக்கி மனிதர்களை வியக்க வைக்கலாம் என்று நினைத்து வந்தவள் நான். இந்த ஊரில் வியப்பை நான் கட்ட வேண்டியதில்லை. வேலை செய்ய ஒரு நல்ல அறை வேண்டும். அந்த அறையில் இல்லாதவர்களுக்கும் ஒரு இடம் வேண்டும். அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

நான் திரும்பியபோது ரீச்சர் பாலை மரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். சமன் எதிரே நின்றார். "மீனா, வாங்கோ. உங்களுக்கும் சேர்த்துத்தான்" என்று ரீச்சர் என்னையும் அழைத்தார். முதலில் சிங்களத்தில் சொன்னதைப் பிறகு எனக்குத் தமிழில் சொன்னார்.

"இவன்ர தம்பிக்கு இஞ்ச ஒரு இடம் இருக்கட்டும். ஆனா என்ர ஆளும் அவரும் ஒரே சுவரில வேண்டாம். அவ்வளவு பெரிய மனசு எனக்கில்லை. வேற சுவர், வேற ஜன்னல். ஏலுமோ?"

"முடியும் ரீச்சர்."

"மண்டபம் வேண்டாம். வேலை செய்யிற அறையாய் இருக்கட்டும். வாற பிள்ளையள் வரையட்டும், கொத்தட்டும், சிந்தட்டும். இவையள் ரெண்டு பேரும் பாத்துக்கொண்டிருக்கட்டும்."

சமன் நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். ரீச்சர் அவரைத் தொடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

அன்று மாலையே மகனை அழைத்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அரவிந்தன் முழுவதையும் கேட்டார். பிறகு அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

"அம்மா, நான் அந்தாளோட கோபிக்கேல்லை. இஞ்ச என்ர சிநேகிதன்மார் தகப்பனுக்குத் திவசம் குடுக்கிறாங்கள். எனக்கு ஒரு நாள் இல்லை. எந்த நாளில நான் சாப்பிடாமல் இருக்கிறது? எந்த நாளில அழுகிறது? அதுக்குத்தான் திகதி கேட்டனான். அப்பாவைக் கொல்லக் கேக்கேல்லை."

ரீச்சரின் நேரான முதுகு அப்போதுதான் முதல் முறையாக வளைந்தது. தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்பன், நீ இதை ஏன் முதல்ல சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை அம்மா."

கொஞ்ச நேரம் இருவரும் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு ரீச்சர், வகுப்பில் ஒரு கணக்கைப் பிரித்துச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: "அவர் வீட்டைவிட்டுப் போன நாள் எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். அதில பொய் இல்லை. அதைப் போடுவம். பிறந்த நாளும் வேண்டாம், மற்றதும் வேண்டாம். போன நாள் மட்டும். அந்த நாளில நீ விரதம் இரு. நானும் இருக்கிறன்."

"ஓம் அம்மா" என்றார் அரவிந்தன். "அது காணும்."

நான் அன்றே புதிதாக வரைய உட்கார்ந்தேன். ஒரு நீண்ட அறை. நடுவில் பெரிய மேசைகள். மேற்குச் சுவரில் ஓவியருக்கு ஒரு ஜன்னல், உள்துறைமுகத்தின் அமைதியைப் பார்த்தபடி. தெற்குச் சுவரில் கடற்படை வீரருக்கு ஒரு ஜன்னல். படகுகள் வெளிக்கடலுக்குத் திரும்பும் வளைவு அங்கிருந்து தெரியும். ஒவ்வொரு ஜன்னலின் கீழும் ஒருவர் உட்காரும் அளவுக்கு ஒரு கல். கல்லில் ஒரே ஒரு நாள், அவர் போன நாள். இரண்டு கற்களையும் செதுக்கத் தனக்கு அனுமதி வேண்டும் என்று சமன் கேட்டார். தம்பியின் கல்லை மட்டும் என்றுதான் ரீச்சர் முதலில் சொன்னார். இரண்டு இடியப்பத்தை மென்று முடித்த பிறகு, "ரெண்டையும் செய். ஆனா எழுத்துப் பிழை விட்டால் நான் விடமாட்டன்" என்றார்.

கடைசி நாள் காலை நிலத்தில் முளை அடித்துக் கயிறு கட்டினோம். நஸீரும் ஒரு கூடை மீனோடு வந்து கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார். வெறும் கயிறுதான், ஆனாலும் கட்டி முடித்ததும் ரீச்சர் வாசல் வரவேண்டிய இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். என் தொழிலில் எத்தனையோ திறப்பு விழாக்களில் நின்றிருக்கிறேன். உடம்பு சிலிர்த்தது அங்கேதான்.

அந்த நேரம் பார்த்து அரவிந்தனின் வீடியோ அழைப்பு. ரீச்சர் போனைத் தூக்கிப் பிடித்து மரத்தையும் கயிறுகளையும் நீரையும் காட்டினார். நிழல் விழுந்த மூலையில் சமன் குந்தியிருந்து ஒரு கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் அங்கே வந்ததும் அரவிந்தன், "அவர்தானோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"நான் அவரோட ஒருக்காக் கதைக்கலாமோ? எனக்குச் சிங்களம் வராது. இங்கிலீஷில..."

ரீச்சர் போனைக் கொண்டுபோய்ச் சமனிடம் கொடுத்தார். கல்தூள் படிந்த கைகளைச் சாரத்தில் துடைத்துவிட்டு அவர் அதை வாங்கிக்கொண்டார். "வாங்கோ" என்று ரீச்சர் என் முழங்கையைப் பிடித்தார். "அது அவையளின்ர கதை. நாங்கள் கேக்கக் கூடாது." நஸீரும் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு குசினிக்கு வந்தார்.

ரீச்சர் எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினார். சமனின் கோப்பையை ஒரு தட்டால் மூடி வைத்தார். குசினி ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் கல்லின் மீது உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கி ஏதோ சொன்னார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி சொன்னார். எனக்கான ஆட்டோ வந்து வாசலில் ஹாரன் அடித்தபோதும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.